ருக்மணி காட்டுக்கு வந்த இலவச மின்சாரம்

எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் வழக்கமாக அகவிலைப்படியும் மருத்துவக் காப்பீடும்தான் பேச்சு. போன கூட்டத்தில் அது திசை மாறிவிட்டது. தோட்டத்து மோட்டார்களுக்கு மீட்டர் வைக்கலாமா கூடாதா என்று யாரோ ஆரம்பித்தார்கள். ஓய்வு பெற்ற இரண்டு இன்ஜினியர்கள் எழுந்து நின்று கையை நீட்டி நீட்டிப் பேசினார்கள். "இலவசக் கரண்ட் இல்லாட்டி நம்ம பக்கம் ஒரு விவசாயி மிஞ்ச மாட்டானுங்க" என்றார் ஒருவர். "அந்த இலவசத்தாலதானுங்க எல்லாம் நாசமாப் போச்சு" என்றார் மற்றவர்.

நான் கூட்டங்களில் வாயைத் திறக்காதவன். அன்றைக்கு என்னவோ, "விவசாயி விவசாயின்னு ரெண்டு பேருமே சொல்றீங்களே, எந்த விவசாயியைங்க சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். செயலாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "மனசுல என்னமோ வெச்சிருக்கீங்க. சங்க மலருக்கு எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

அதனால் எழுதுகிறேன். இலவசம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியாது. பணியின் கடைசி வருடங்களில் ஒரு காட்டில் (எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம்) நடந்ததைப் பார்த்தேன். அதை மட்டும் சொல்கிறேன்.

நான் அவிநாசியில் தறிக்குடும்பத்தில் பிறந்தவன். எங்களுக்கு ஒரு சென்ட் காடு கிடையாது. மின்சாரத் துறையில் ஹெல்பராகச் சேர்ந்து, கம்பம் ஏறக் கற்று, வயர்மேன், லைன்மேன் என்று போய்க் கடைசியில் லைன் இன்ஸ்பெக்டர் ஆனேன். கம்பத்தில் ஏறியிருந்தபோது ஒருமுறை ஷாக் அடித்துக் கீழே விழுந்து, தோள்பட்டையில் கம்பி வைத்தார்கள். மற்றபடி பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காடு கரை இல்லாத வீட்டில் வளர்ந்ததாலோ என்னவோ, விவசாயி என்றால் எனக்கு ஒரே ஆள்தான். வெயிலில் நிற்பவர், மழைக்கு வானத்தைப் பார்ப்பவர், பாவப்பட்டவர். ஒரு தோட்டத்துக்கு சர்வீஸ் கொடுத்துவிட்டு வந்தால் அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தியோடு சாப்பிடுவேன்.

கடைசி சில வருடங்கள் தாராபுரம் ரோட்டுப் பக்கம் ஒரு செக்ஷன் ஆபீஸில் இருந்தேன். அங்கே உதவிப் பொறியாளராக வந்தவர் செல்வராணி மேடம். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். வந்த முதல் நாளே என்னை "அண்ணாச்சி" என்றார். கடைசி வரை அப்படித்தான்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் உடனே பேச்சை ஆரம்பிக்க மாட்டார். கொஞ்ச நேரம் சும்மா நிற்பார், சுற்றிலும் பார்ப்பார், காதைக் கொடுத்துக் கேட்பார். அதன் பிறகுதான் முதல் கேள்வி வரும். அது பெரும்பாலும் எதிராளி எதிர்பார்க்காத கேள்வியாக இருக்கும். வேலையில் தப்புச் செய்த ஊழியரைத் திட்ட மாட்டார். அதே இடத்துக்குக் கூட்டிப்போய் அதே வேலையை மறுபடி செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். வெயிலானாலும் முடிகிற வரை நிற்பார். திட்டு வாங்குவதே மேல் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

யார் தோட்டத்திலும் அவர் உட்கார்ந்ததில்லை. மோரோ இளநீரோ வாங்கியதில்லை. தோளில் தொங்கும் பையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். "வெயிலுக்கு எளநி குடிச்சா நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி. பொறவு அந்தத் தோட்டத்துல ப்யூஸைப் பிடுங்கணும்னா கை வராது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ருக்மணியின் காடு அவிநாசிபாளையம் தாண்டி, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. மாட்டுக்குச் சோளத்தட்டு, மழை கிடைத்தால் கொஞ்சம் கொள்ளு, நடுவில் கல் கட்டிய கிணறு, ஒரு ஓட்டு வீடு, இரண்டு எருமை. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது பெரியதோட்டம். அங்கே தென்னையும் வாழையும் வெங்காயமும் கண்ணுக்கு எட்டிய வரை பச்சையாக நிற்கும். அதன் சொந்தக்காரர் துரைசாமி. ருக்மணியின் கணவருக்குப் பெரியப்பா மகன், ருக்மணிக்கு மச்சாண்டார் முறை. நல்லூரில் அவருக்குப் பனியன் துணி ஓட்டுகிற நிட்டிங் மெஷின்களும் இருந்தன.

வெளியாள் பார்த்தால் இரண்டும் இரண்டு உலகம் என்றுதான் நினைப்பான். ஆனால் இரண்டும் ஒரு காலத்தில் ஒரே காடு. இவர்களுடைய தாத்தா தன் இரண்டு மகன்களுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தது. துரைசாமியின் அப்பா, அந்தப் பக்கம் கம்பம் நட ஆரம்பித்த காலத்திலேயே அலைந்து திரிந்து கரண்ட் வாங்கிவிட்டார். ருக்மணியின் மாமனார் ஆயில் இன்ஜினே போதும் என்று இருந்துவிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு வித்தியாசத்திலிருந்து மற்றதெல்லாம் வளர்ந்திருக்கிறது.

ருக்மணியின் கணவர் பிற்பாடு இலவச சர்வீஸுக்கு விண்ணப்பித்தார். அப்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாளாம். வரிசை நகரவே இல்லை. மகள் படித்து முடித்து, நல்லூரில் கல்யாணமாகிப் போன பிறகும் வரவில்லை. ஒருநாள் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தபோது அவர் மாரடைப்பில் சாய்ந்துவிட்டார். விண்ணப்பத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு ருக்மணி காத்திருந்தார். கடைசியில் எங்கள் மேடம் காலத்தில்தான் அவருடைய முறை வந்தது.

கம்பம் நட்டோம், கம்பி இழுத்தோம். ருக்மணி ஆட்டுப் பட்டியை விற்று மோட்டாரும் பைப்பும் வாங்கி இறக்கினார். இணைப்புக் கொடுக்கும் நாளில் நல்லூரிலிருந்து மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர். மேடமும் வந்தார். மூத்த விண்ணப்பங்களுக்கு இணைப்புக் கொடுக்கும்போது அவர் எப்படியும் வந்துவிடுவார்.

தோட்டத்துக்கு முதல் கரண்ட் விடுவதில் ஒரு ஒழுங்கு உண்டு. மெயின் போர்டு, ப்யூஸ், ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். எர்த் கம்பி ஈர மண் வரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு டிரான்ஸ்பார்மர் அருகில் நிற்கும் நம் ஆளுக்கு போன் போட்டு லைனை விடச் சொல்ல வேண்டும். டெஸ்ட் விளக்கை மூன்று பேஸிலும் வைத்து, மூன்றும் ஒரே மாதிரி எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்டர் பக்கம் போகலாம். பச்சைப் பட்டனை நாங்கள் அழுத்துவதில்லை. அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்தான் அழுத்துவார். இதை எந்த விதியும் சொல்லவில்லை. எல்லா லைன்மேனும் அப்படித்தான் செய்வோம்.

"அழுத்துங்க அம்மிணி" என்றேன்.

ருக்மணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். மோட்டார் உறுமியது. பைப் ஒருமுறை குலுங்கிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. மகள் கை தட்டினாள். வாய்க்காலில் நுரையோடு ஓடிய தண்ணீர் முதல் பாத்திக்குள் போனது. ருக்மணி அதன் கூடவே நாலு எட்டு நடந்தார்.

பாத்தி பாதிகூட நனையவில்லை. சத்தம் மாறிவிட்டது. தண்ணீரைத் தூக்குகிற மோட்டாருக்கு ஒரு சத்தம், காற்றைத் தூக்குகிற மோட்டாருக்கு ஒரு சத்தம். எங்களுக்கு அது தூக்கத்திலும் தெரியும். பைப் சேற்றைக் கக்கியது. பிறகு இருமியது. பிறகு ஒன்றும் வரவில்லை.

ருக்மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்ணா, கரண்டு பத்தலீங்களா?"

ஆம்பியர் மீட்டரின் முள் இறங்கிக் கிடந்தது, தூக்கத் தண்ணீர் இல்லாமல் மோட்டார் சும்மா சுற்றுகிறது என்று அர்த்தம். கரண்டில் எந்தக் குறையும் இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் பாறை ஈரமாக மின்னியது. கம்பம் நட வந்தபோது அதில் ஆள் முழுகுகிற அளவு தண்ணீர் நின்றதை நானே பார்த்திருந்தேன், அதனால் அன்றைக்கு முன்கூட்டி எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

"கரண்டு நல்லா இருக்குதுங்க அம்மிணி" என்றேன்.

"சித்த இருங்க, ஊத்து வரும்" என்றார் ருக்மணி. "மேக்க பக்கத்துப் பாறைச் சந்துல நல்ல ஊத்துங்க. என்ற மாமனார் தோண்டுனது."

எல்லோரும் கிணற்றைச் சுற்றி நின்றோம். ஊற்று வரவில்லை. அந்த அமைதியில்தான் வேறொரு சத்தம் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம். வாய்க்காலில் விழுகிற சத்தம் இல்லை, வெற்று இரும்புக்குள் விழுகிற சத்தம்.

மேடம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அண்ணாச்சி, அது என்ன சத்தம் கேக்கு?"

நாங்கள் இரண்டு பேரும் வேலிச் சந்தில் நுழைந்து போனோம். தென்னை மரங்களுக்கு நடுவில் ஒரு டேங்கர் லாரி நின்றது. ஆழ்துளை போர் பைப்பிலிருந்து கை தடிமனுக்கு ஹோஸ் போட்டு மேல்மூடி வழியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் இன்னொரு லாரி காத்திருந்தது. வடநாட்டு டிரைவர் ஒருவர் நிழலில் உட்கார்ந்து இந்தியில் போன் பேசிக்கொண்டிருந்தார்.

"இது எங்கன போகு?" என்று மேடம் அங்கே வேலை செய்த ஆளைக் கேட்டார்.

"சாயப்பட்டறைக்குங்க. சிலது கம்பெனி ஹாஸ்டலுக்குப் போகுதுங்க."

மேடம் பைப்பைத் தொடர்ந்து போய் மோட்டார் ரூமைப் பார்த்தார். எங்கள் இலவச சர்வீஸ் நம்பர் சுவரில் பெரிதாக எழுதியிருந்தது. இலவச மின்சாரம் பயிருக்கு மட்டும்தான். தண்ணீரை விற்கக் கூடாது. அங்கேயிருந்து நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தேன். ஒரே தோட்டத்துக்குள் ஐந்தாறு மோட்டார் ரூம்கள். அப்பா பேரில் ஒன்று, அம்மா பேரில் ஒன்று, மனைவி பேரில் ஒன்று என்று எல்லாமே முறையாக வாங்கியவை. தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை, அதன் ஓரத்தில் மானியத்தைச் சொல்லும் பலகை. சொட்டுநீர்க் குழாய்களுக்கு ஒரு பலகை. வெங்காயக் கொட்டகைக்கு ஒரு பலகை. அத்தனையும் அரசாங்கம் விவசாயிக்குக் கொடுத்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் அப்படி ஒரு பலகைகூட இல்லை. ஏன் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. சொட்டுநீர் மானியம் வேண்டுமென்றால் முதலில் பாசனம் இருக்க வேண்டும். பாசனத்துக்குக் கரண்ட் வேண்டும். முதலில் கரண்ட் வாங்கினவருக்கு ஒன்றன் பின் ஒன்றாக எல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது. வாங்காதவர் காட்டிலிருந்து கடைசியில் கிணற்றுத் தண்ணீரும் போய்விட்டது. இத்தனை வருடமாக இந்தக் கம்பிகளை இழுத்தவன் நான். ஒரு நாளும் இப்படி ஓரிடத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்ததில்லை.

துரைசாமி புல்லட்டில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, நிதானமான ஆள். "வாங்க மேடம். உக்காருங்க. டேய், எளநி வெட்டுங்கடா" என்றார்.

"வேண்டாம் அய்யா. இந்த சர்வீஸ்ல டேங்கருக்குத் தண்ணி போகுது. நான் இணைப்பைத் துண்டிக்கணும்" என்றார் மேடம். பிறகு, "நீங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. நான் கேக்கேன்" என்றார்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "உங்க வேலையை நீங்க பாருங்க மேடம், நான் தடுக்கலீங்க. போன பட்டம் வெங்காயம் போட்டு, வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாம காட்டோட வெச்சு உழுதேன். தென்னைக்கு வாடல் நோவு. விவசாயம் பண்ணச் சொல்லிக் கரண்டு குடுத்தீங்க. அதுல வெல போறது தண்ணி ஒண்ணுதானுங்க. வித்தேன்."

"அந்தத் தண்ணி ஒங்க காட்டுக்கு அடியில மட்டும் நிக்கலியே அய்யா" என்றார் மேடம்.

துரைசாமி வேலிப் பக்கம் பார்த்தார். ருக்மணியும் மகளும் கிணற்று மேட்டில் நிற்பது தெரிந்தது. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

ப்யூஸ் பிடுங்குவதற்கும் முறை உண்டு. முதலில் ஓடுகிற மோட்டாரை நிறுத்தச் சொல்ல வேண்டும். லாரியையும் ஹோஸையும் சர்வீஸ் நம்பரையும் ஒன்றாகப் போட்டோ எடுத்தோம். அங்கே இருந்த இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினோம். பிறகு நான் கையுறை போட்டு மூன்று ப்யூஸையும் ஒவ்வொன்றாக உருவினேன். மேடம் சீல் வைத்தார். பாதி நிரம்பிய லாரி அப்படியே புறப்பட்டுப் போனது. அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது, நியாயம் நடந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

அடுத்த நாளுக்கு மறுநாள் ருக்மணி ஆபீஸுக்கு வந்தார். கூட வேறு யாருமில்லை. மேடத்தின் மேசைக்கு முன்னால் நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துப் பியூனிடம் டீ வாங்கி வரச் சொன்னேன்.

"மேடம், அந்தப் ப்யூஸைப் போட்டுருங்க" என்றார் ருக்மணி.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது.

"எந்தப் ப்யூஸ் அம்மா?" என்றார் மேடம்.

"எங்க மச்சாண்டார் தோட்டத்துதுங்க. டேங்கருக்குத் தண்ணி விடறது."

"அவர் அனுப்பினாரா ஒங்களை?"

"இல்லீங்க. அவிய முன்னால நின்னு நான் பேசுனதுகூட இல்லீங்க. நான் வந்தது தெரிஞ்சாத் திட்டுனாலும் திட்டுவாங்க." முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். "கெணறு வத்தறப்பல்லாம் அந்த போர்ல இருந்துதானுங்க ஒரு பைப்பு என்ற தொட்டிக்குப் போட்டுவுட்ருக்காங்க. என்ற எருமை ரெண்டும் அந்தத் தண்ணியத்தான் குடிக்குது. முந்தாநேத்துல இருந்து தொட்டி காஞ்சு கெடக்குது. ரோட்டுக் குழாயில மொபெட்டுல கொடம் கட்டித் தூக்கறேன். ரெண்டு எருமைக்கு எத்தனை கொடமுங்க தூக்க முடியும்? பாலு பாதியாப் போச்சு. அந்தப் பாலுலதானுங்க என்ற ஊட்டுல அடுப்பு எரியுது."

மேடம் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"நீங்க நாயத்துக்குத்தானுங்க பண்ணுனீங்க. நான் தப்புச் சொல்லலீங்க. எருமைக்கு நாயம் தெரியாதுங்களே."

டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. ருக்மணியின் கிணற்றைக் குடித்ததும் அந்த போர்தான், ருக்மணியின் எருமைக்குத் தண்ணீர் காட்டியதும் அந்த போர்தான். அவருக்காக என்று நாங்கள் பிடுங்கிய ப்யூஸ் முதலில் அவருடைய தொட்டியைத்தான் காய வைத்திருக்கிறது. நான் அந்த மாதிரி ஒரு அதிர்ச்சியைக் கம்பத்திலிருந்து விழுந்தபோதுகூட அனுபவிக்கவில்லை.

மேடம் சட்டத்தை மீறவில்லை. அவருக்கு அது வராது. அன்று மத்தியானமே என்னைக் கூட்டிக்கொண்டு பெரியதோட்டத்துக்குப் போனார். "அபராதத்தைக் கட்டிட்டு, தண்ணி விக்கிற போருக்கு வியாபாரக் கட்டணத்துல தனி சர்வீஸ் வாங்குங்க. வேற போர்ல இருந்து அந்த அம்மா தொட்டிக்கு இன்னைக்கே பைப்பைத் திருப்பிவிடுங்க. மாட்டுக்குத் தண்ணி விடுறதுக்கு யாரும் ஒங்களைக் கேக்க மாட்டாங்க" என்றார். துரைசாமி எல்லாவற்றையும் செய்தார். பைப்பை அன்று மாலையே ஆள் வைத்துத் திருப்பினார். அபராதத்தை மறுநாளே கட்டினார். கட்ட முடிந்தவருக்கு எல்லாமே சீக்கிரம் முடியும். கொஞ்ச நாளில் அந்த போருக்கு மீட்டர் வைத்து வியாபார இணைப்பே கொடுத்தோம். டேங்கர்கள் பழையபடி வந்தன. முன்னே திருட்டுத்தனமாகப் போன தண்ணீர் இப்போது ரசீதோடு போனது. ருக்மணியின் கிணற்றில் ஒரு துளி ஏறவில்லை.

இதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. போர் போட மானியம் கிடைக்குமா என்று கேட்க ருக்மணியை வேளாண்மை ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். "அம்மா, உங்க பகுதி நிலத்தடி நீரை அளவுக்கு மேல எடுத்த பகுதின்னு இருக்கு. அங்க புது போருக்கு எந்தத் திட்டத்துலயும் பணம் தர முடியாதுங்க" என்றார்.

"நான் எடுக்கலீங்களே" என்றார் ருக்மணி.

அந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களை மட்டும் பிரிச்சுப் பாக்கற மாதிரி விதி இல்லீங்கம்மா. வேற ஊர்ல இருந்தாக்கூட முதல்ல உங்க காசுல போட்டு முடிச்சாத்தான் பின்னால மானியம் வரும். சொந்தக் காசுல போடறதுன்னா போட்டுக்கலாம். அதை யாரும் தடுக்கலை."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். எங்களைத் தாண்டி ஒரு தண்ணி லாரி திருப்பூர் பக்கம் போனது. பின்பக்கக் குழாயிலிருந்து ரோடு முழுக்க ஒழுகிக்கொண்டே போனது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருந்தபோது மேடம் என்னைக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, ருக்மணியம்மா காட்டை வித்துட்டாங்க. சர்வீஸ் பேர் மாத்தணும். கிணத்துல இருந்து புது போருக்கு இணைப்பை மாத்தித் தரணும்" என்றார்.

"யாருக்குங்க வித்தாங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியும்.

சட்டத்தில் ஒரு தடையும் இல்லை. நிலம் கைமாறினால் சர்வீஸும் கூடவே போகும். அதே நிலத்துக்குள் கிணற்றிலிருந்து போருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு குடும்பம் மகள் தவழ்ந்த நாளிலிருந்து காத்திருந்து வாங்கிய இலவச இணைப்பு, ஏற்கெனவே ஐந்தாறு வைத்திருப்பவரிடம் முழு ஒழுங்கோடு போய்ச் சேர்ந்தது. நாங்கள்தான் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

மேடமும் நானும் இணைப்பை மாற்றப் போன அன்று ருக்மணி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். பாத்திரங்கள் சாக்குகளில் கட்டியிருந்தன. எருமைகளை முந்தின வாரமே விற்றுவிட்டாராம். நல்லூரில் மகள் வீட்டு மாடியில் தையல் மெஷின் போட்டுப் பனியன் தைத்துக் கொடுக்கப் போகிறார்கள், இவர் தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டிக் கொடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவாராம்.

"ஏன் அம்மிணி வித்தீங்க? இன்னும் கொஞ்ச நாள் பாத்திருக்கலாமல்லோ" என்றேன்.

"கரண்டு வந்ததுனாலதானுங்ணா வித்தேன்" என்றார். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. ஒரு கணக்கைச் சொல்வது போலச் சொன்னார். "முந்தி இந்த மானாவாரிக் காட்டை யாருங்க கேட்டா? சர்வீஸ் ஏறுனதுக்கப்பறம் நாலு பேரு கேட்டு வந்தாங்க. சர்வீஸோட இருக்கற காட்டுக்குத் தனி வெலைங்களாமே. மச்சாண்டார் மத்தவியளைவிட சேத்தித்தான் குடுத்தாங்க. அதைச் சொல்லோணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இலவச மின்சாரத்தால் ருக்மணிக்குக் கிடைத்த ஒரே பலன், காட்டை விட்டுப் போவதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை. அதற்காகவா அந்த மனுஷன் விண்ணப்பம் போட்டுவிட்டுச் செத்துப்போனார்?

புது போர் பழைய கிணற்றுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தது. ரிக் வண்டி கொட்டிய சாம்பல் நிறப் பாறைத்தூள் குவியலாகக் கிடந்தது. வேலியைப் பிரித்து எடுத்திருந்தார்கள். கம்பத்திலிருந்து கிணற்றுக்குப் போன ஒயரை நான் கழற்றிப் போர் பக்கம் கட்டினேன். வழக்கமான சோதனைகள் முடிந்தன. துரைசாமி வேலையாள் ஒருவனைப் பார்த்துத் தலையசைக்க, அவன் போய்ப் பட்டனை அழுத்தினான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஆழத்திலிருந்து ஏறி வர வேண்டுமல்லவா. பிறகு தண்ணீர் வந்தது. முதலில் வெள்ளையாகப் பாறைத்தூள் கலந்து, அப்புறம் கண்ணாடி மாதிரி, தொடை தடிமனுக்கு. பைப்புக்கு முன்னால் மண்ணைக் குடைந்துகொண்டு ஓடியது. காய்ந்து வெடித்துக் கிடந்த பாத்திகளில் போய் விழுந்து, போன இடமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு போனது.

ருக்மணி வீட்டு வாசலிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்தார். பைப்புக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏனுங்ணா, இது எத்தனை அடியில இருந்து வருதுங்க?"

"ஆயிரத்தைத் தாண்டிப் போட்டிருக்காங்க அம்மிணி."

"அப்ப இத்தனை நாளும் இது எங்க காட்டுக்கு அடியிலயேதான் கெடந்துச்சுங்களா?"

மேடம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமாங்க அம்மிணி" என்றேன்.

ருக்மணி குனிந்து இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்திக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்ல தண்ணிதான்" என்றார். பிறகு வாசலுக்குப் போய் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, நனைந்த பாத்திகளை மிதிக்காமல் வரப்பு மேலேயே நடந்து ரோட்டுக்குப் போனார்.